பேஸ்பாலும் பெண்கள் சாஃப்ட்பாலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவிலும் ஜப்பானிலும் நடக்கும் பேஸ்பால், பெண்கள் தொழில்முறை சாஃப்ட்பால் ஆட்டங்களைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கும் தமிழ் ரசிகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறோம். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பியே இருப்பதால், புதியவர்கள் வரிசையாகப் படிப்பது நல்லது.

கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். இந்த ஆட்டத்துல என்னதான் நடக்குது?

பந்தை எறிபவர் பிட்சர், அடிப்பவர் பேட்டர், பேட்டருக்குப் பின்னால் குந்தியிருப்பவர் கேட்சர். மைதானத்தில் சாய்சதுரமாக நாலு முனைகள். பேட்டர் நிற்கும் முனை ஹோம் பிளேட். அங்கிருந்து கிளம்பி முதல், இரண்டாம், மூன்றாம் பேஸ்களைத் தொட்டு மறுபடி ஹோமுக்கு வந்தால் ஒரு ரன். ஒரே மூச்சில் வரவேண்டியதில்லை. நடுவில் ஒரு பேஸில் நின்றுகொண்டு அடுத்தவர் அடிக்கும்போது ஓடலாம். மூன்று பேர் அவுட்டானால் அந்த அணி பேட்டிங்கை விட்டுக் களத்தில் இறங்க வேண்டும். பேஸ்பாலில் 9 இன்னிங்ஸ், சாஃப்ட்பாலில் 7.

பேட்டர் வீசித் தவறவிட்டாலும், பிளேட்டின் மேலே சரியான உயரத்தில் வந்த பந்தைச் சும்மா விட்டாலும் ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட். அந்த உயரத்துக்கோ பிளேட்டுக்கோ வெளியே போகும் பந்தை விட்டுவிட்டால் அது ‘பால்’. நாலு பால் சேர்ந்தால் பேட்டர் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போகலாம், அதுதான் வாக். முதல் பேஸ் கோட்டுக்கும் மூன்றாம் பேஸ் கோட்டுக்கும் வெளியே போகும் அடி ஃபவுல். அதுவும் ஸ்ட்ரைக்தான், ஆனால் இரண்டு ஸ்ட்ரைக் ஆனபிறகு ஃபவுல் அடித்தால் எண்ணிக்கை ஏறாது. அப்போது பன்ட் செய்யப் போய் (மட்டையை வீசாமல் பந்தை மெல்லத் தட்டுவது) ஃபவுலானால் மட்டும் அவுட். கிரிக்கெட் பழகிய கண்ணுக்கு உறுத்துவது ஒன்றுதான்: பின்பக்கம் தட்டிவிட்டு ரன் எடுக்க வழியில்லை, உள்ளே அடித்துவிட்டால் ஓடாமல் நிற்கவும் வழியில்லை.

சாஃப்ட்பால்னா சின்ன பேஸ்பால்தானே?

அப்படி நினைத்துப் பார்த்தால் பாதி ஆட்டம் கண்ணில் படாமலே போய்விடும். பேஸ்பாலில் பேஸுக்குப் பேஸ் 90 அடி, சாஃப்ட்பாலில் 60 அடி. பிட்சர் நிற்கும் பலகையிலிருந்து ஹோம் பிளேட் பேஸ்பாலில் 60 அடி 6 அங்குலம், பெண்கள் சாஃப்ட்பாலில் 43 அடி. பேஸ்பால் பிட்சர் 10 அங்குல மேட்டில் நின்று தோளுக்கு மேலிருந்து எறிகிறார். சாஃப்ட்பால் பிட்சர் சமதரையில் நின்று கையை முழுச் சுற்றுச் சுற்றி இடுப்பை ஒட்டி விடுகிறார். பேஸ்பாலின் சுற்றளவு 9 முதல் 9¼ அங்குலம், எடை 5 முதல் 5¼ அவுன்ஸ். சாஃப்ட்பாலின் சுற்றளவு 12 அங்குலம், எடை 6¼ முதல் 7 அவுன்ஸ். இது பேஸ்பாலை விடக் கனமானது, தட்டிப்பார்த்தால் கல் மாதிரிதான் இருக்கும். மூன்றாம் பேஸில் நிற்பவர்கள் பலர் முகக்கவசம் போடுவது அதனால்தான்.

தூரங்கள் எல்லாம் ஒரே விகிதத்தில் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். ஓடும் தூரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது, பந்தோ பெரிதாகியிருக்கிறது. விளைவு, களத்தில் இருப்பவருக்குக் கிடைக்கும் நேரம் சுருங்குகிறது. பேஸ்பாலில் ஒரு ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நிற்பவர்) பந்தைத் தடுமாறிப் பிடித்து, மறுபடி எடுத்து எறிந்தும் சில சமயம் அவுட் செய்துவிடலாம். சாஃப்ட்பாலில் தடுமாறினால் ரன்னர் பேஸில் நிற்பார்.

கீழ்க்கையால எறியுற பந்துதானே, அடிக்கிறது லேசு இல்லையா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெண்கள் சாஃப்ட்பாலில் மணிக்கு 70 மைல் என்பது முதல்தர வேகம். மணிக்கு 70 மைல் என்றால் நொடிக்குச் சுமார் 103 அடி. 43 அடியைக் கடக்க 0.42 நொடி. பேஸ்பாலின் 60 அடி 6 அங்குலத்தை அதே நேரத்தில் கடக்க மணிக்கு 98 மைலுக்கு மேல் எறிய வேண்டும். சாஃப்ட்பால் பிட்சர் பலகையிலிருந்து பாய்ந்து முன்னால் வந்து விடுவதால் பந்து கிளம்பும் இடம் பிளேட்டிலிருந்து சுமார் 37 அடிதான். பேட்டருக்கு மிஞ்சுவது 0.36 நொடி. மோனிகா ஆபட் 2012-ல் மணிக்கு 77 மைல் எறிந்து கின்னஸ் சாதனை படைத்தார்.

2004-ல் ஒரு காட்சி ஆட்டத்தில் ஜென்னி ஃபின்ச், எம்எல்பி (மேஜர் லீக் பேஸ்பால், அமெரிக்காவின் முதல்நிலை லீக்) நட்சத்திரங்களான ஆல்பர்ட் புஹோல்ஸையும் மைக் பியாஸாவையும் ஸ்ட்ரைக் அவுட் செய்தார். அவர்கள் திணறியதற்கு வேகம் மட்டும் காரணமில்லை. நல்ல பேட்டர் பந்தைப் பார்த்து அடிப்பதற்கு முன்பே எறிபவரின் தோள், முழங்கை, மணிக்கட்டு அசைவுகளை வைத்துப் பந்து எங்கே வரும் என்று ஊகிக்கிறார். அந்த ஊகம் ஆயிரக்கணக்கான மேல்கைப் பந்துகளில் பழகியது. கையசைவும் பந்து வரும் கோணமும் மாறியதும் ஊகம் உதவாமல் போகிறது. சாஃப்ட்பால் பேட்டரைப் பேஸ்பால் பிட்சர் முன் நிறுத்தினாலும் இதே கதைதான்.

ரைஸ் பால்னு சொல்றாங்களே, பந்து நிஜமாவே நடுவழியில மேல ஏறுதா?

நடுவழியில் துள்ளி ஏறுவதில்லை. பந்து இடுப்புக்குக் கீழிருந்து கிளம்புவதால் ஆரம்பத்திலிருந்தே மேல்நோக்கித்தான் வருகிறது. விடும்போது பிட்சர் விரல்களால் பந்தின் அடியைச் சுண்டிப் பின்சுழற்சி கொடுக்கிறார். பின்சுழற்சி கொண்ட பந்தைக் காற்று மேல்நோக்கித் தள்ளும். புவியீர்ப்பு மட்டும் இருந்தால் 0.4 நொடியில் எந்தப் பந்தும் சுமார் 2½ அடி கீழே இறங்க வேண்டும். இது அவ்வளவு இறங்குவதில்லை. இறங்கும் என்று எதிர்பார்த்த பேட்டரின் மட்டை பந்துக்கு அடியில் போகிறது. பேஸ்பாலில் ஃபோர்-சீம் ஃபாஸ்ட்பால் ஏமாற்றுவதும் இதே வழியில்தான்.

ரைஸ் பால் கெடுவது பெரும்பாலும் சுழற்சியில். மணிக்கட்டு சரியாகத் திரும்பாவிட்டால் பந்து துப்பாக்கிக் குண்டு போல முன்னோக்கிய அச்சில் சுற்றும். அந்தச் சுழற்சி பந்தைத் தூக்காது. தட்டையாக, நெஞ்சு உயரத்தில் வந்து நிற்கும் அந்தப் பந்துதான் வேலிக்கு வெளியே போகும். டிராப் பால் இதற்கு நேர்மாறு: முன்சுழற்சி, முழங்காலருகே சடாரென்று இறங்கும், அடித்தால் தரையில் உருளும். ரைஸ் பாலுக்குக் கைதட்டல் அதிகம். ஆனால் ஓர் ஆட்டத்தை நிதானமாக ஜெயித்துக்கொடுப்பது டிராப் பால்தான் என்பது எங்கள் கருத்து.

பேஸ்பால் பிட்சர் அஞ்சு நாளைக்கு ஒருதடவைதான் எறியுறாரு. சாஃப்ட்பால்ல ஒருத்தியே தினமும் எறியுறாளே, எப்படி?

எம்எல்பியில் தொடக்கப் பிட்சர் பொதுவாக 85 முதல் 100 பந்து எறிந்துவிட்டு, நாலைந்து நாள் ஓய்வெடுப்பார். 2025 உலகத் தொடரில் யோஷினோபு யமமோட்டோ 6-ஆம் ஆட்டத்தில் 96 பந்து எறிந்துவிட்டு, மறுநாளே 7-ஆம் ஆட்டத்தில் வந்து 34 பந்து எறிந்து டாட்ஜர்ஸுக்குக் கோப்பை வாங்கிக்கொடுத்ததைப் பேஸ்பால் உலகமே வாய்பிளந்து பார்த்தது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யுகிகோ உவேனோ இரண்டே நாளில் மூன்று ஆட்டம், 28 இன்னிங்ஸ், 413 பந்து எறிந்தார். கடைசி ஆட்டம் தங்கத்துக்கான இறுதிப் போட்டி. அமெரிக்காவை 3-1 என்று வீழ்த்தினார்.

கீழ்க்கை வீச்சு தோளுக்கு இயல்பானது, வலியே வராது என்று பரவலாகச் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். தோளின் முன்பக்கத்திலும் பைசெப்ஸ் தசையிலும் கணிசமான இழுவிசை விழுகிறது. அதிகம் எறியும் பெண்களுக்குத் தோள், முன்கை, கீழ்முதுகுக் காயங்கள் வருகின்றன. பேட்டர்களும் ஒரே பிட்சரை மூன்றாம் முறை சந்திக்கும்போது நன்றாக அடிக்கிறார்கள். இன்று தொழில்முறை அணிகள் இரண்டு மூன்று பிட்சர்களைப் பிரித்துப் பயன்படுத்துவதற்கு இந்த இரண்டும்தான் காரணம்.

சில பேட்டர்கள் பந்து வர்றதுக்குள்ளயே ஓட ஆரம்பிக்கிறாங்களே, அது தப்பில்லையா?

தப்பில்லை, அதன் பெயர் ஸ்லாப். சாஃப்ட்பாலுக்கே உரிய கலை இது. புதிதாகப் பார்ப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான் என்று தயங்காமல் சொல்வோம். ஸ்லாப் செய்பவர் இடதுகைப் பக்கம் நிற்பார். முதல் பேஸுக்கு அதுதான் கிட்ட. பிட்சரின் கை கீழே வரும் கணத்தில் இடது காலை வலது காலுக்கு முன்னால் குறுக்கே எடுத்துவைத்து, பிட்சரை நோக்கி நகர்ந்தபடியே பந்தைத் தரையில் தட்டிவிடுவார். அவர் குறி பெரும்பாலும் மூன்றாம் பேஸுக்கும் ஷார்ட்ஸ்டாப்புக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி.

நேரக்கணக்கைப் பாருங்கள். நல்ல ஸ்லாப்பர் 2.7 நொடியில் முதல் பேஸைத் தொடுவார். துள்ளிவரும் பந்து ஷார்ட்ஸ்டாப்பிடம் சேர 1.4 நொடி, கையுறையிலிருந்து எடுத்து எறியத் தயாராக 0.6 நொடி, 75 அடி தூரத்தை மணிக்கு 60 மைல் வேகத்தில் எறிந்தால் 0.85 நொடி. கூட்டினால் 2.85. ஷார்ட்ஸ்டாப் ஒரு தவறும் செய்யவில்லை, ஆனாலும் ரன்னர் தப்பித்துவிட்டார். இதைத் தடுக்கக் களத்திலுள்ளவர்கள் முன்னேறி வந்து நிற்பார்கள். அப்படி வந்ததும் ஸ்லாப்பர் பலமாக அடித்து அவர்களைத் தாண்டவைப்பார். பந்தை அடிக்கும் கணத்தில் பாதம் பேட்டர் நிற்கக் கோடு போட்ட பெட்டிக்கு முழுக்க வெளியே தரையில் இருந்தால் பேட்டர் அவுட். ஸ்லாப்பர்கள் அடிக்கடி மாட்டுவது இதில்தான்.

பேஸ்பால்ல ரன்னர் முன்னாடியே நகர்ந்து நிக்கிறாரு. சாஃப்ட்பால்ல ஒட்டிக்கிட்டே நிக்கிறாங்க. ஏன்?

சாஃப்ட்பாலில் பிட்சரின் கையை விட்டுப் பந்து கிளம்பும்வரை ரன்னர் பேஸில் காலை வைத்திருக்க வேண்டும். ஒரு கணம் முந்தினாலும் அவுட். 60 அடி தூரத்தில் முன்கூட்டியே நகர விட்டால், யாரும் அடிக்காமலே எல்லோரும் அடுத்த பேஸுக்கு ஓடித் திருடிவிடுவார்கள் (ஸ்டீல்). பேஸ்பாலில் நகரலாம், ஆனால் பிட்சர் திரும்பி முதல் பேஸுக்கு எறிந்து பிடிக்கலாம். 2023 முதல் எம்எல்பியில் ஒரு பேட்டருக்கு இரண்டு முறைதான் பிட்சர் அப்படிப் பலகையை விட்டு விலகலாம். மூன்றாவது முறை விலகி ரன்னரை அவுட் செய்யாவிட்டால், ரன்னருக்கு அடுத்த பேஸ் இலவசம். அதே ஆண்டு பேஸ்களும் 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாகப் பெரிதாயின. ஸ்டீல்கள் கூடியது இந்த இரண்டாலும்தான்.

பிட்சர் பந்தை வச்சுக்கிட்டு சும்மா நின்னா, ரன்னரை அவுட்னு சொல்லிட்டாங்க. யாரும் தொடவே இல்லையே?

அது லுக்-பேக் விதி. சாஃப்ட்பால் பிட்சரைச் சுற்றி 8 அடி ஆரத்தில் ஒரு வட்டம் உண்டு. பிட்சர் பந்தோடு அந்த வட்டத்துக்குள் நின்றுவிட்டால், பேஸுக்கு நடுவில் இருக்கும் ரன்னர் உடனே முடிவெடுத்தாக வேண்டும்: அடுத்த பேஸுக்கு ஓடு, அல்லது பழையதற்குத் திரும்பு. நின்று ஆட்டம் காட்டினாலும், கிளம்பிவிட்டு மனம் மாறித் திசை திரும்பினாலும் அவுட். பிட்சர் எறிவதுபோல் கையை ஓங்கினால் விதி விலகிவிடும், ரன்னர் எப்படியும் அசையலாம். அதனால்தான் அனுபவமுள்ள பிட்சர் கையைக் கீழே வைத்துக்கொண்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பார்.

மூணு ஸ்ட்ரைக் ஆயும் பேட்டர் முதல் பேஸுக்கு ஓடுறாரே?

மூன்றாவது ஸ்ட்ரைக்கைக் கேட்சர் தரையில் படாமல் பிடித்தால்தான் அவுட் உறுதி. தவறவிட்டால், முதல் பேஸ் காலியாக இருந்தாலோ ஏற்கெனவே இரண்டு அவுட் ஆகியிருந்தாலோ பேட்டர் ஓடலாம். கேட்சர் அவரைத் தொடவேண்டும் அல்லது முதல் பேஸுக்கு எறிய வேண்டும். முதல் பேஸில் ஆள் இருந்து இரண்டு அவுட் ஆகாத நிலையில் இந்தச் சலுகை கிடையாது. இருந்தால் கேட்சர் வேண்டுமென்றே பந்தைக் கீழே போட்டு ஒரே நேரத்தில் இரண்டு பேரை அவுட்டாக்கிவிடுவார்.

இன்ஃபீல்டு ஃப்ளை விதிக்கும் இதே நியாயம்தான். முதல், இரண்டாம் பேஸில் ஆள் இருக்கும்போது, அல்லது மூன்று பேஸும் நிரம்பியிருக்கும்போது, இரண்டு அவுட்டுக்கு முன்னால் உள்கள ஆட்டக்காரர் சுலபமாகப் பிடிக்கும்படி பந்து மேலே எழும்பினால், பிடிப்பதற்கு முன்பே பேட்டர் அவுட் என்று அம்பயர் சொல்லிவிடுவார். சொல்லாவிட்டால் பிடிப்பவர் பந்தை நழுவவிட்டு, பேஸில் காத்திருந்த இரண்டு பேரையும் மாட்டிவிடலாம். இரண்டு விதிகளும் இரண்டு ஆட்டங்களிலும் உண்டு.

பிட்ச் கிளாக் வந்து ஆட்டத்தைக் கெடுத்துடுச்சா?

எங்கள் பார்வையில் காப்பாற்றியிருக்கிறது. எம்எல்பியில் பேஸில் ஆள் இல்லாவிட்டால் 15 நொடி, இருந்தால் 2023-ல் 20 நொடி, 2024 முதல் 18 நொடி. அதற்குள் பிட்சர் எறியத் தொடங்காவிட்டால் ஒரு பால். கடிகாரத்தில் 8 நொடி மிஞ்சும்போது பேட்டர் தயாராக இல்லாவிட்டால் ஒரு ஸ்ட்ரைக். 2022-ல் 9 இன்னிங்ஸ் ஆட்டம் சராசரியாக 3 மணி 4 நிமிடம் ஓடியது. 2023-ல் 2 மணி 40 நிமிடம். குறைந்ததெல்லாம் கையுறையை இறுக்குவதும் நடப்பதும்தான். நள்ளிரவு தாண்டி விழித்திருந்து பார்ப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்: அமெரிக்கக் கிழக்குக் கரையில் கோடைகாலத்தில் மாலை 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் சென்னையில் விடிகாலை 4.30.

ஸ்ட்ரைக்கா பாலான்னு அம்பயர் தப்பா சொன்னா ஒண்ணும் பண்ண முடியாதா?

நெடுங்காலம் முடியாமல்தான் இருந்தது. 2026 பருவத்துக்கு எம்எல்பி முறையீட்டு வசதியை ஒப்புக்கொண்டிருக்கிறது. அணிக்கு இரண்டு முறையீடு. ஜெயித்தால் எண்ணிக்கை குறையாது. பேட்டர், பிட்சர், கேட்சர் மூவர் மட்டும், தொப்பியையோ ஹெல்மெட்டையோ உடனே தட்டிக் கேட்கலாம். பயிற்சியாளர் பெஞ்சிலிருந்து சைகை காட்டக் கூடாது.

ஒடானி எறியவும் செய்யுறாரு, அடிக்கவும் செய்யுறாரு. அவரை எடுத்துட்டா எப்படி மறுபடி பேட் பண்றாரு?

பேஸ்பாலில் பிட்சருக்குப் பதிலாக அடிக்க மட்டும் ஒருவரை வைக்கலாம், அவர் டிஎச் (டெசிக்னேட்டட் ஹிட்டர்). 2022 முதல் எம்எல்பியின் இரண்டு லீக்கிலும் அது உண்டு. அதே ஆண்டு வந்த இன்னொரு விதிப்படி, தொடக்கப் பிட்சரே டிஎச்சாகவும் இருந்தால், எறிவதை நிறுத்திய பிறகும் டிஎச்சாகத் தொடரலாம். ஷோஹெய் ஒடானியை மனதில் வைத்து எழுதியது என்று எல்லோருக்கும் தெரியும். 2025 அக்டோபர் 17 அன்று மில்வாக்கிக்கு எதிராக அவர் 10 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து, அதே ஆட்டத்தில் 3 ஹோம் ரன்னும் (வேலியைத் தாண்டும் அடி) அடித்தார். இந்த விதி இல்லாவிட்டால் அப்படியொரு இரவு வாய்ப்பது அரிது.

சாஃப்ட்பாலில் இதைவிட நெகிழ்வான ஏற்பாடு நெடுநாளாக உண்டு. டிபி (டெசிக்னேட்டட் பிளேயர்) என்பவர் அடிப்பவர், ஃப்ளெக்ஸ் என்பவர் அவருக்குப் பதிலாகக் களத்தில் நிற்கும் பத்தாவது ஆள், பெரும்பாலும் பிட்சர். டிபி எந்த இடத்திலும் களமிறங்கலாம். ஃப்ளெக்ஸ் பேட் செய்யலாம், ஆனால் டிபியின் வரிசை இடத்தில் மட்டும். அதோடு, தொடக்க ஆட்டக்காரர் வெளியே போய் ஒருமுறை திரும்பி வரலாம். எம்எல்பியில் வெளியே போனால் போனதுதான். பயிற்சியாளர் அட்டையில் தப்பாக எழுதிவிட்டு ஆட்டக்காரரை இழப்பது இந்த டிபி-ஃப்ளெக்ஸ் கணக்கில்தான் அதிகம்.

ஆட்டம் டை ஆனா திடீர்னு ரெண்டாம் பேஸ்ல ஒருத்தர் நிக்கிறாரே, அவர் எப்ப அடிச்சாரு?

அவர் அடிக்கவே இல்லை. கூடுதல் இன்னிங்ஸ் ஒவ்வொன்றும் இரண்டாம் பேஸில் ஆளோடு தொடங்குகிறது. முந்தைய இன்னிங்ஸில் கடைசியாக இருந்த பேட்டர் அங்கே போய் நிற்பார். சர்வதேச சாஃப்ட்பாலில் பல ஆண்டுகளாக இருந்த இந்த முறையை எம்எல்பி 2020-ல்தான் எடுத்துக்கொண்டது. அந்த ரன் வந்தாலும் பிட்சரின் இஆர்ஏவில் (அடுத்த பதிலில் விளக்கம்) ஏறாது. எம்எல்பி பிளேஆஃப்களில் இது கிடையாது. 2025 உலகத் தொடரின் மூன்றாம் ஆட்டம் 18 இன்னிங்ஸ் ஓடி, ஃப்ரெடி ஃப்ரீமனின் ஹோம் ரன்னில் முடிந்தது அதனால்தான்.

6-4-3, இஆர்ஏ, ஓபிஎஸ்... இதெல்லாம் எப்படிப் படிக்கிறது?

எண்கள் இடங்களைக் குறிக்கின்றன: 1 பிட்சர், 2 கேட்சர், 3 முதல் பேஸ், 4 இரண்டாம் பேஸ், 5 மூன்றாம் பேஸ், 6 ஷார்ட்ஸ்டாப், 7, 8, 9 இடது, நடு, வலது வெளிக்களம். 6-4-3 என்றால் ஷார்ட்ஸ்டாப் பிடித்து இரண்டாம் பேஸ்காரருக்கும், அவர் முதல் பேஸுக்கும் எறிந்து இருவரை அவுட் செய்தார்கள். ஓபிஎஸ் என்பது பேட்டர் பேஸ் சேரும் விகிதத்தையும் அடியின் வலுவையும் கூட்டியது, எம்எல்பியில் .800 நல்லது, .900 தாண்டினால் நட்சத்திரம்.

இஆர்ஏவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பிட்சர் முழு ஆட்டம் எறிந்தால், களத்தவறுகளால் வந்தவை போக, சராசரியாக எத்தனை ரன் விடுவார் என்பது அது. பேஸ்பாலில் ரன்னை 9-ஆல் பெருக்கி இன்னிங்ஸால் வகுப்பார்கள், சாஃப்ட்பாலில் 7-ஆல் பெருக்குவார்கள். 70 இன்னிங்ஸில் 20 ரன் விட்டவருக்குப் பேஸ்பால் கணக்கில் 2.57, சாஃப்ட்பால் கணக்கில் 2.00. இரண்டு ஆட்டத்துப் பிட்சர்களின் இஆர்ஏவை நேராக ஒப்பிடுவது செல்லாது. இன்னொன்று: 5.2 இன்னிங்ஸ் என்று எழுதியிருந்தால் 5 இன்னிங்ஸும் 2 அவுட்டும், அதாவது ஐந்தே மூன்றில் இரண்டு. தசமமாக எடுத்து வகுத்தால் விடை தப்பாக வரும்.

பெண்களுக்குத் தொழில்முறை லீக்னு ஒண்ணு உண்மையிலேயே இருக்கா?

இருக்கிறது, இதற்கு முன்பும் இருந்தது. 1976-ல் டென்னிஸ் நட்சத்திரம் பில்லி ஜீன் கிங், சாஃப்ட்பால் பிட்சர் ஜோன் ஜாய்ஸ் முதலானோர் தொடங்கிய லீக் 1979 வரை ஓடியது. நாலு பட்டங்களையும் கனெக்டிகட் ஃபால்கன்ஸ் வென்றது. பிறகு நேஷனல் ப்ரோ ஃபாஸ்ட்பிட்ச் 2004-ல் தொடங்கி 2019 வரை ஆடியது. பெருந்தொற்றில் பருவங்கள் ரத்தாகி 2021-ல் நின்றுபோனது. 2020-ல் அத்லீட்ஸ் அன்லிமிடெட் புதுமாதிரி வந்தது: நிரந்தர அணி இல்லை, வாராவாரம் தலைவிகள் அணி பிரிப்பார்கள், புள்ளி தனிநபருக்கு.

அதே அமைப்பு 2025-ல் தொடங்கியதுதான் ஏயுஎஸ்எல் (அத்லீட்ஸ் அன்லிமிடெட் சாஃப்ட்பால் லீக்). பேண்டிட்ஸ், பிளேஸ், டாலன்ஸ், வோல்ட்ஸ் என்று நாலு அணிகள், அணிக்கு 24 ஆட்டம், ஊர் ஊராகப் பயணம். டாலன்ஸ் இறுதித் தொடரில் பேண்டிட்ஸை 2-0 என்று வென்றது. எம்எல்பி அணி ஒன்றின் முதல் பெண் பொது மேலாளராக இருந்த கிம் இங் இதன் ஆணையர். கல்லூரிக் காலத்தில் சாஃப்ட்பால் ஆடியவர். 2025 மே மாதம் எம்எல்பியே இதில் முதலீடு செய்தது. 2026-க்கு ஓக்லஹோமா சிட்டி ஸ்பார்க், போர்ட்லாண்ட் காஸ்கேட் இரண்டும் சேர்ந்து ஆறு அணிகளாகின்றன, எல்லாவற்றுக்கும் சொந்த ஊரும் கிடைத்திருக்கிறது. ஊர் இல்லாத அணிக்கு ரசிகர் சேர்வது கடினம். முதல் ஆண்டின் பெரிய குறையே அதுதான்.

ஒடானிக்கு 700 மில்லியன் டாலர். இந்தப் பெண்களுக்கு ஏன் இவ்வளவு கம்மி?

எம்எல்பியில் 2025-ல் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளமே 7,60,000 டாலர். 162 ஆட்டம், 30 அணிகள், நூறாண்டு தாண்டிய வரலாறு, டிவி, மைதான வருமானம் அதன் பின்னால் இருக்கிறது. 2016-ல் மோனிகா ஆபட் ஆறு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் ஒப்பந்தம் போட்டபோது அது பெரிய செய்தி. அதிலும் பெரும்பகுதி பார்வையாளர் எண்ணிக்கையைப் பொறுத்த போனஸ். 2024-ல் கல்லூரிப் பிட்சர் நிஜாரி கனடி டெக்சாஸ் டெக்கில் சேர்ந்தபோது ஒரே ஆண்டுக்கு 10,50,024 டாலர் விளம்பர ஒப்பந்தம் கிடைத்தது. தொழில்முறை லீக்கைவிடக் கல்லூரியில் பணம் புரள்கிறது, ஏனென்றால் டிவி பார்வையாளர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆட்டத்தின் தரத்தில் குறையில்லை. பருவம் குறுகியது, லீக்குகள் நிலைக்கவில்லை, பார்க்கும் பழக்கம் வளருமுன் மூடிவிட்டார்கள்.

நிலையான வேலையோடு ஆடும் இடம் ஜப்பான். 2022-ல் தொடங்கிய ஜேடி லீக்கில் 16 அணிகள், பெரும்பாலும் டொயோட்டா, பிக் கேமரா போன்ற நிறுவனங்களுடையவை. ஆபட் பல ஆண்டு டொயோட்டாவுக்கு எறிந்தார். ஜப்பானில் பகல் 1 மணி ஆட்டம் நமக்குக் காலை 9.30 என்பதால் தமிழ்நாட்டிலிருந்து பார்க்க வசதியானதும் இதுதான்.

ஒலிம்பிக்ஸ்ல ஒருசமயம் இருக்கு, ஒருசமயம் இல்ல. 2028-ல இருக்கா?

இருக்கிறது. 1996, 2000, 2004 தங்கம் அமெரிக்காவுக்கு, 2008 ஜப்பானுக்கு. 2005-ல் நடந்த வாக்கெடுப்பில் பேஸ்பாலும் சாஃப்ட்பாலும் 2012-லிருந்து நீக்கப்பட்டன. டோக்கியோவில் திரும்பி வந்தபோது, 2008-ல் எறிந்த அதே உவேனோ இறுதியிலும் எறிந்து, ஜப்பான் 2-0 என்று வென்றது. 2024 பாரிஸில் இல்லை. 2028-ல் பேஸ்பால் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர் ஸ்டேடியத்தில், சாஃப்ட்பால் அங்கிருந்து வெகுதூரத்தில் ஓக்லஹோமா சிட்டியின் டெவன் பார்க்கில். ஒதுக்கிவிட்டார்கள் என்று வருந்த வேண்டாம். கல்லூரி உலகத் தொடர் நடக்கும், சாஃப்ட்பாலுக்கென்றே கட்டிய மைதானம் அது.

சாஃப்ட்பால்ல இருந்து பேஸ்பாலுக்குப் பெண்கள் போனதே இல்லையா?

2025 ஆகஸ்ட் 9 அன்று அட்லாண்டாவில் ஜென் பாவல் எம்எல்பி ஆட்டத்தில் நின்ற முதல் பெண் அம்பயர் ஆனார். மறுநாள் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நின்று பாலும் ஸ்ட்ரைக்கும் சொன்னார். ஹோஃப்ஸ்ட்ரா பல்கலைக்கழகத்தில் சாஃப்ட்பால் கேட்சராக ஆடியவர். கல்லூரி சாஃப்ட்பாலில் அம்பயராக இருந்துவிட்டு, சிறு லீக்குகளில் பல ஆண்டு உழைத்து மேலே வந்தார்.

அமெரிக்காவுல இருக்கோம். பொண்ணு சாஃப்ட்பால் சேர்ந்திருக்கா. என்ன பேட் வாங்குறது?

மூன்று விஷயம் பாருங்கள். முதலில், ஃபாஸ்ட்பிட்ச் என்று போட்டிருக்க வேண்டும். அதன் பருமன் 2¼ அங்குலம். கடையில் பக்கத்திலேயே இருக்கும் 2⅝ அங்குலப் பையன்கள் பேட்டை வாங்கிவிட்டால் அம்பயர் அனுமதிக்க மாட்டார். மகளின் லீக் எந்த முத்திரையை ஏற்கிறது என்று பயிற்சியாளரிடம் கேட்டுக்கொண்டு, அந்த முத்திரை பேட்டில் அச்சாகியிருக்கிறதா பாருங்கள். இரண்டாவது நீளம்: 8–10 வயதுக்கு 28–30 அங்குலம், 11–13 வயதுக்கு 30–32, அதற்கு மேல் 32–34. மூன்றாவது டிராப்: எடையை அவுன்ஸில் எடுத்து நீளத்து அங்குலத்தைக் கழித்தது. 30 அங்குலம், 18 அவுன்ஸ் என்றால் மைனஸ் 12. சிறுமிகளுக்கு மைனஸ் 12, வளர்ந்தவர்களுக்கு மைனஸ் 10. ஒரு கையால் பக்கவாட்டில் நீட்டி 20 நொடி பிடிக்கச் சொல்லுங்கள்; கை தாழ்ந்தால் கனம் அதிகம். வளர்ந்தபிறகு உதவும் என்று பெரியதாக வாங்காதீர்கள், கனமான பேட் வீச்சைத் தாமதமாக்கி, அந்தப் பழக்கம் நிலைத்துவிடும்.

காம்போசிட் (கார்பன் இழைக் கலவை) பேட் என்றால் முதலில் பழக்க வேண்டும்: ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, சாதாரணத் தோல் பந்தில் 150 முதல் 200 அடி. வலையில் இயந்திரம் எறியும் குழிவிழுந்த ரப்பர் பந்தில் அடித்தால் சீக்கிரம் கெடும். குளிர் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அதை வெளியே எடுக்க வேண்டாம், விரிசல் விடும். அந்த நாட்களுக்கு ஒரு மலிவான அலுமினிய பேட் போதும். பந்தும் வயதுக்கேற்ப மாறும்: 10 வயதுப் பிரிவில் 11 அங்குலப் பந்து, 35 அடி தூரம்; 12 வயதுப் பிரிவில் 12 அங்குலப் பந்து, 40 அடி; 14 முதல் மேலே சொன்ன 43 அடி. மகள் பிட்சராகவோ மூன்றாம் பேஸிலோ நின்றால், பேட்டுக்கு முன்னால் முகக்கவசம் வாங்குங்கள்.